பெட்டிக்கு மேலேயே நிற்கிறோம், சென்சார் ஏன் சுற்றவைக்கிறது?

"மாமா, சென்சார் கெட்டுப்போய்விட்டது" என்று அக்கா மகன் வீடியோ கேம் கருவியை என்னிடம் நீட்டியபோது, ஆட்டத்தின் நாயகன் லிங்க் ஓர் ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். சென்சார் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. பத்தடி முன்னே போனால் ஒலி தேய்ந்தது. திரும்பினால் மறுபடி உயர்ந்து, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. பையன் பாலத்தின் கைப்பிடிச் சுவர் வரை தடவிப் பார்த்திருக்கிறான். நான் உலோகத்தைக் காட்டி இழுக்கும் மேக்னசிஸ் ஆற்றலை இயக்கி, சுவரைத் தாண்டிக் கீழே காட்சியைத் திருப்பினேன். தண்ணீருக்கடியில் செந்நிறமாக ஒரு பெட்டி மின்னியது. பாலத்தில் நின்றபடியே அதைத் தூக்கி மேலே வைத்தோம்.

செல்டா வரிசையைச் சேர்ந்த இந்த ஆட்டம், ப்ரெத் ஆஃப் தி வைல்டு, 2017 மார்ச் 3 அன்று நின்டெண்டோவின் ஸ்விட்ச், வீ யு ஆகிய இரண்டிலும் வெளிவந்தது. அதில் புதையல் பெட்டிகளைக் கண்டுபிடித்துத் தரும் கருவி ஷீகா சென்சார் பிளஸ். அது கெட்டுப்போகாது. கெட்டுப்போனதாகத் தோன்றும்போதெல்லாம், நாம் அதனிடம் கேட்காத ஒன்றை எதிர்பார்த்திருப்போம், அல்லது அது சொல்லமுடியாத ஒன்றைச் சொல்லும் என்று நினைத்திருப்போம். அது திசையை மட்டுமே சொல்லும். பெட்டி தலைக்கு மேலே இருக்கிறதா காலுக்குக் கீழே இருக்கிறதா என்பதை நாம்தான் பார்க்கவேண்டும். கீழே உள்ளவற்றில் உங்களுக்கு நேர்வது எது என்று பார்த்து, அந்தப் பகுதியிலிருந்து படியுங்கள்.

சென்சார் ஷ்ரைன்களை மட்டுமே காட்டுகிறது

இது கோளாறு அல்ல. ஆட்டத்தின் தொடக்கத்தில், பெரும் பீடபூமியில் கிடைக்கும் சென்சாருக்கு ஷ்ரைன்களை, அதாவது உள்ளே புதிர்கள் இருக்கும் சிறு கோயில்களை, மட்டுமே தேடத் தெரியும். புதையல் பெட்டியைத் தேடவைக்க அதைப் பிளஸ் ஆக மேம்படுத்தவேண்டும். அதைச் செய்து தருபவர் பூரா; ஹடேனோ கிராமத்தின் மேலே, குன்றின் உச்சியில் உள்ள ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். ககரிகோ கிராமத்தில் மூதாட்டி இம்பாவைப் பார்த்தால் அவரே அங்கே அனுப்பிவைப்பார். கதை போகிற போக்கில் எப்படியும் வரும் இடம்தான். ஆனால் சாலையைவிட்டு ஊர் சுற்றப் போய்விடுகிறவர்கள், நாற்பது ஐம்பது மணி நேரம் ஆடிய பிறகும் பூராவைப் பார்க்காமலே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெட்டி வேட்டையில் ஆசை இருந்தால் முதலில் ஹடேனோவுக்குப் போய்விடுங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: இந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே செய்யவேண்டிய மேம்பாடு ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நீலத் தீ வழியிலேயே அணைந்துவிடுகிறது

ஆய்வுக்கூடத்துக்கு உயிர் கொடுக்க, கிராமத்திலுள்ள பழைய உலையிலிருந்து நீலத் தீயைப் பந்தத்தில் ஏற்றிக்கொண்டு, குன்றின் மேலே உள்ள உலை வரை கொண்டுபோகவேண்டும். நடுவில் பந்தத்தை உறைக்குள் வைத்தால் தீ அணைந்துவிடும். எதன் மீதாவது ஏறினால் லிங்க் தானாகவே அதை முதுகில் செருகிக்கொள்வான், அப்போதும் அணையும். தண்ணீரில் இறங்கினாலும் அப்படியே. ஆகவே குறுக்குவழி வேண்டாம், பாதையிலேயே நடங்கள். வழியோரம் கல் விளக்குகள் நிற்கின்றன. போகிற போக்கில் ஒவ்வொன்றையும் ஏற்றிக்கொண்டே போனால், அணைந்தாலும் கடைசியாக ஏற்றிய விளக்கிலிருந்து தொடரலாம். மறுபடி கிராமத்துக்கு இறங்கவேண்டியதில்லை.

மழை வந்தால் எதுவும் செய்வதற்கில்லை. தணல் எரிகிற இடம் கிடைத்தால் அதன் அருகே உட்கார்ந்து காலை வரை பொழுதைத் தள்ளிவிட்டு வாருங்கள். மழையில் அடம்பிடித்து மூன்று முறை குன்றேறியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பூரா மேம்படுத்த மறுக்கிறார்

தீ வந்து சேர்ந்ததும் கேமராவும் ஆல்பமும், படம் எடுத்தவற்றைப் பெயரோடு தொகுக்கும் காம்பெண்டியமும் கிடைத்துவிடும். சென்சார் பிளஸ் தனி. அதற்கு ஏன்ஷியன்ட் ஸ்க்ரூ என்ற பழங்கால இயந்திரப் பாகம் மூன்று கேட்பார். வெடிகுண்டை மேம்படுத்த மூன்று ஷாஃப்ட், பொருள்களை அசையாமல் நிறுத்தும் ஸ்டேசிஸை மேம்படுத்த மூன்று கோர். மூன்றும் வெவ்வேறு பொருள்கள். பையில் ஒரே மாதிரி மங்கிய நிறத்தில் தெரிவதால் ஒன்றை இன்னொன்றாக எண்ணிக்கொண்டு, "ஆறு இருக்கிறதே, ஏன் வாங்கமாட்டேன் என்கிறார்" என்று தவிக்கிறவர்கள் உண்டு. பொருளின் பெயரைப் படித்துப் பாருங்கள்.

ஸ்க்ரூ தேடிச் சண்டைக்குப் போகவேண்டாம். ஹடேனோவுக்கு வரும் வழியிலேயே, கோட்டைச் சுவருக்கு மேற்கே பிளாட்செரி சமவெளியில், செத்துப்போன கார்டியன்கள் என்ற போர் இயந்திரங்கள் பாசி படிந்து குவியல் குவியலாகக் கிடக்கின்றன. பக்கத்தில் போய் நின்றால் தேடிப்பார்க்கும் குறிப்பு திரையில் வரும். ஒவ்வொன்றையும் தொட்டு எடுங்கள். ஸ்க்ரூ, ஸ்பிரிங், பல்சக்கரம் என்று கலந்து கிடைக்கும். பணத்துக்காக ஸ்க்ரூக்களைக் கடையில் விற்றுவிடாதீர்கள்; பின்னால் அக்கலாவில் ராபியின் ஆய்வுக்கூடத்திலும் இதே பொருள்களைக் கேட்பார்கள்.

பெட்டியைப் படம் எடுத்தேன், காம்பெண்டியத்தில் வரவில்லை

சென்சார் பிளஸ் தேடவேண்டுமானால், தேடும் பொருளின் படம் காம்பெண்டியத்தில் இருக்கவேண்டும். ஆல்பத்தில் இருந்தால் போதாது. இரண்டும் வேறு.

கேமராவைப் பெட்டியை நோக்கிப் பிடிக்கும்போது அதன் பெயர் திரையில் எழவேண்டும். பெயர் தெரியாமல் எடுத்த படம் ஆல்பத்துக்கு மட்டுமே போகும். பெயர் எழாததற்குக் காரணம் பெரும்பாலும் தூரம், இல்லையென்றால் பெட்டிக்கு முன்னால் வேறு ஏதாவது நிற்பது. நெருங்கிப் போங்கள், பெட்டி சட்டத்தின் நடுவில் வரட்டும். இன்னும் திறக்காத பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அரக்கர் முகாமில் மண்டையோட்டு வடிவில் ஒரு பாறை இருக்குமே, அதன் உள்ளே இருக்கும் பெட்டி இதற்குத் தோதானது. முகாமை முடித்தபின் நிதானமாக நின்று எடுக்கலாம்.

படம் பதிவானதும் காம்பெண்டியத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அதைச் சென்சாரின் இலக்காக வைப்பதற்கான பொத்தானைத் திரையின் அடியில் காட்டும். அதை அழுத்தவேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். படம் பதிவானால் சென்சார் தானாகவே மாறிக்கொள்ளும் என்று எண்ணிவிடுகிறோம், அது மாறாது.

ஒலிக்கவே இல்லை

முதலில் இலக்கைப் பாருங்கள். சென்சார் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தேடும். நேற்று ஷ்ரைனுக்கோ ஏதாவது காளானுக்கோ மாற்றியிருந்தால் இன்றும் அதையேதான் தேடிக்கொண்டிருக்கும். அடுத்து, வரைபடத் திரையில் சென்சார் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அமைப்புகளில் திரைக் காட்சி முறை. அதில் ப்ரோ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் இதயங்களைத் தவிர எல்லாம் மறைந்துவிடும், சிறு வரைபடமும் சென்சார் குறியும் உட்பட. இயற்கைக் காட்சியை ரசிக்க அருமையான முறை, வேட்டைக்கு உதவாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மௌனம் என்றால், அந்தப் பக்கத்தில் திறக்காத பெட்டி இல்லை என்றுதான் பொருள். நீங்கள் நெடுநாளாகச் சுற்றும் இடமாக இருந்தால் அது இயல்பு. ரத்த நிலா எழும் இரவில் அரக்கர்கள் உயிர்பெறுவார்கள். திறந்த பெட்டிகளில் பொருள் மறுபடி வராது. இதை அறியாமல் ஒவ்வொரு ரத்த நிலாவுக்குப் பிறகும் பழைய முகாம்களைச் சுற்றி வருவது வீண் உழைப்பு.

விரிவாக்கத் தொகுப்பு உங்களிடம் இருந்தால் வரைபடத்தில் ஹீரோஸ் பாத் என்ற வசதி இருக்கும். நீங்கள் கடைசியாக நடந்த 200 மணி நேரத்தின் தடத்தைக் கோடாகப் போட்டுக் காட்டும். கோடு படாத வெற்றிடத்தைப் பார்த்துப் போங்கள். அங்கே போனதும் சென்சார் பேசத் தொடங்குவதைக் கேட்கும் மகிழ்ச்சியை நான் ஒருமுறை அல்ல, பலமுறை அனுபவித்திருக்கிறேன்.

ஒலிக்கிறது, ஆனால் பெட்டியைக் காணோம்

எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி இதுதான். பாலத்தில் நின்ற பையனின் சிக்கலும் இதுவே. நிதானமாகச் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒலியைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே லிங்க்கை மெல்லச் சுற்றவையுங்கள். எந்தப் பக்கம் பார்க்கும்போது ஒலி உச்சத்துக்குப் போகிறதோ அந்தத் திசையில் தொலைவில் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒற்றை மரம், இடிந்த தூண், எதுவானாலும் சரி. அதை நோக்கி நடக்காமல் பக்கவாட்டில் நூறு அடி போல நகர்ந்து, மறுபடி சுற்றி இன்னோர் அடையாளத்தைப் பிடியுங்கள். இரண்டு கோடுகளும் எங்கே வெட்டுகின்றனவோ அதுதான் இடம். வரைபடத்தைத் திறந்து அங்கே பெட்டி முத்திரை ஒன்றைக் குத்திவிடுங்கள். மொத்தம் நூறு முத்திரைகள் வைக்கலாம். எடுத்த பெட்டியின் முத்திரையை உடனே நீக்கிவிடும் பழக்கம் இருந்தால் போதாமல் போகாது.

இப்போது அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். கண்ணெதிரே ஒன்றும் இல்லை என்றால் கீழே பாருங்கள். மேக்னசிஸை இயக்கினால் சுற்றிலும் உள்ள உலோகப் பொருள்கள் மட்டும் செந்நிறமாக ஒளிரும். ஆற்றடியில் கிடப்பதும், மணலுக்குள் முழுவதும் புதைந்திருப்பதும் அப்போது பளிச்சென்று தெரியும். அப்படியே பிடித்து மேலே இழுத்துவிடலாம். பாலைவனத்தில் தரையில் ஒரு பெட்டியின் மூலை மட்டும் விரல் நகம் அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும். வெறும் கண்ணால் பத்து முறை தாண்டிப் போயிருப்போம்.

மரப்பெட்டி மேக்னசிஸில் ஒளிராது. தண்ணீருக்கடியில் மரப்பெட்டி கிடந்தால், அதற்கு நேர் மேலே கிரையோனிஸ் கொண்டு பனித்தூண் எழுப்புங்கள். தூண் எழும்போது பெட்டியையும் தலையில் தூக்கிக்கொண்டு வரும். இந்தக் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

கீழே இல்லையா, மேலே அண்ணாந்து பாருங்கள். பாறை முனை, இடிந்த சுவரின் உச்சி, காவல் கோபுரத்தின் மேல்தளம். அதுவும் இல்லையென்றால் பக்கத்து மலைச்சுவரை உற்றுப் பாருங்கள். விரிசல் விட்ட பாறை நிறமும் வடிவமும் மாறித் தெரியும். குண்டு வைத்தால் உடைந்து உள்ளே ஒரு பொந்து திறக்கும். ஹெப்ரா பனிமலையில் பெட்டி பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கும். தீ அம்பு, தணல், எதையாவது வைத்து உருக்கவேண்டும். முட்புதர் மூடியிருந்தால் கொளுத்திவிடலாம். மழை நேரத்தில் மட்டும் தீ பிடிக்காது.

ஷ்ரைனுக்குள் இருக்கும் பெட்டிகளுக்குச் சென்சாரை நம்பிச் சுற்றவேண்டாம். அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது: வரைபடத்தில் அந்த ஷ்ரைனின் மேல் சுட்டியை வையுங்கள். பெயருக்கு அருகே பெட்டிக் குறி இருந்தால் உள்ளே எல்லாப் பெட்டிகளையும் எடுத்துவிட்டீர்கள். குறி இல்லையென்றால் பாக்கி இருக்கிறது.

பெட்டி கிடைத்தது, திறக்கவில்லை

அரக்கர் முகாமின் பெட்டி. கடைசி அரக்கன் விழும்வரை பூட்டு விடாது. எல்லாரையும் கொன்றுவிட்டோமே என்று தோன்றினால், காவல் கோபுரத்தில் ஒருவன் நிற்பான், அல்லது சண்டையில் குன்றிலிருந்து உருண்டுபோன ஒருவன் கீழே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான்.

திறந்த பிறகும் ஒலிக்கிறது

உங்கள் ஆயுதப் பை நிறைந்திருக்கும். உள்ளே வாள் இருந்து, பையில் இடமில்லாவிட்டால், லிங்க் அதைத் திரும்ப வைத்துப் பெட்டியை மூடிவிடுவான். அதைத் திறந்ததாக ஆட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது, சென்சாரும் விடாது. பையில் தேய்ந்துபோன ஆயுதம் ஒன்றைக் கீழே போட்டுவிட்டு மறுபடி திறங்கள்.

இது அடிக்கடி நேர்ந்தால் ஹெஸ்டுவைத் தேடிப் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது. கொரோக் என்ற குட்டி வன ஆவிகள் தரும் விதைகளை வாங்கிக்கொண்டு பையின் இடத்தை விரிவாக்கித் தருபவர் அவர்தான். உலகம் முழுவதும் 900 விதைகள் இருக்கின்றன. எல்லா இடங்களையும் திறக்க 441 போதும்.

நெருங்கியதும் பெட்டி எழுந்து கல் துப்புகிறது

அது பெட்டி அல்ல, புதையல் ஆக்டோராக். மணலிலும் பனியிலும் உடலைப் புதைத்துக்கொண்டு, பெட்டி போன்ற ஒன்றைத் தலைமேல் காட்டிக்கொண்டு காத்திருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத வெளியில், மறைவே இல்லாமல், எடுத்துக்கொள் என்பதுபோல ஒரு பெட்டி கிடந்தால் கொஞ்சம் நில்லுங்கள். கேமராவைப் பிடித்துப் பாருங்கள். காம்பெண்டியத்தில் இதற்குத் தனிப் பக்கமே உண்டு. தொலைவிலிருந்து ஓர் அம்பு விட்டாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

விதைகளை மட்டும் சென்சார் காட்டவே இல்லை

காட்டாது. கொரோக்குகள் காம்பெண்டியத்தில் இல்லை, ஆகவே இலக்காக வைக்க வழியே இல்லை. அதற்கென்று உள்ளது கொரோக் முகமூடி. 2017 ஜூன் 30 அன்று வந்த முதல் விரிவாக்கத் தொகுப்பில் சேர்ந்தது. தொகுப்பை வாங்காமல் ஆட்டத்தை மட்டும் வைத்திருந்தால் முகமூடி உள்ள பெட்டி ஆட்ட உலகத்தில் இருக்காது. எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது. வாங்கியும் இல்லையென்றால், தொகுப்பு உண்மையாகவே கருவியில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டுவது ஒன்று, இறக்குவது இன்னொன்று.

முகமூடி இருப்பது லாஸ்ட் வுட்ஸ் காட்டில், வாய் பிளந்த பெருமரம் ஒன்றின் பொந்துக்குள். காடு உங்களைத் திரும்பத் திரும்ப வாசலுக்கே கொண்டுவந்து விட்டால், நீங்கள் பனிமூட்டத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். மூட்டம் திரண்டு வருவது தெரிந்தவுடன் ஒரே அடி பின்வாங்கினால் தப்பிக்கலாம். தொடக்கத்தில் எரியும் பந்தங்களைப் பின்தொடருங்கள். அவை முடிந்த இடத்திலிருந்து கையில் ஒரு பந்தத்தை ஏற்றிக்கொண்டு, தீப்பொறிகள் எந்தப் பக்கம் பறக்கின்றனவோ அந்தப் பக்கம் நடங்கள். காற்று திசை மாறினால் நீங்களும் மாறுங்கள். அவசரப்படாமல், ஐந்தாறு அடிக்கு ஒருமுறை நின்று பொறியைப் பாருங்கள். பொந்துள்ள மரங்கள் பல உண்டு. மூட்டம் அனுமதிக்கும் வரை ஒவ்வொன்றின் வாயையும் எட்டிப் பாருங்கள்.

அணிந்துகொண்டால், அருகில் கண்டுபிடிக்காத கொரோக் ஒளிந்திருக்கும்போது முகமூடி கடகடவென்று ஆடும். அதுவும் சென்சாரைப் போலத்தான், உயரம் சொல்லாது; சென்சார் சொல்லும் திசையைக்கூடச் சொல்லாது. ஆகவே முகமூடி ஆடத் தொடங்கும் இடத்தையும் ஆடுவது நிற்கும் இடத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டு நடுவில் தேடுங்கள். இன்னொன்று: முகமூடி தலைக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குளிரிலிருந்து காத்தது உங்கள் தலையணிதான் என்றால், அதைக் கழற்றியவுடன் ஹெப்ராவில் இதயம் குறையத் தொடங்கும். ஸ்பைசி பெப்பர் போட்டுச் சமைத்த உணவை உண்டுவிட்டுப் போங்கள்.

முகமூடி ஆடுகிறது, ஒன்றும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் கொரோக்கைத் தேடுகிறீர்கள்; தேடவேண்டியது பொருந்தாத ஒன்றை. மலையுச்சியில் தனியாக ஒரு கல். வட்டமாக அடுக்கிய கற்களில் ஓர் இடம் காலி. வரிசையாக நிற்கும் கிண்ணங்களில் ஒன்றில் மட்டும் ஆப்பிள் இல்லை. மரக்கிளைக்கு அடியில் ஆடும் ஒற்றை ஓக் காய். நிலத்தில் நட்டிருக்கும் காற்றாடி; பக்கத்தில் போய் நின்றால் வானில் பலூன்கள் எழும். குளத்தில் அல்லி இலைகள் வளையமாக மிதந்தால் நடுவில் குதிக்கவேண்டும்.

ஸ்விட்ச் 2 பதிப்பில் விளையாடுகிறவர்களுக்கு, கைபேசிச் செயலியில் இருக்கும் செல்டா நோட்ஸ் கொரோக் விதைகளுக்குக் குரல்வழியாகவே வழிகாட்டும். 2025 ஜூனில் வந்த வசதி. கடைசி ஐம்பது விதைகளைத் தேடித் தவிப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். முதல் நூறு விதைகளையாவது முகமூடியை மட்டும் வைத்துத் தேடிப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். அக்கா மகன் இப்போது அப்படித்தான் ஆடுகிறான். எந்தப் பாலத்தின் மேல் ஏறினாலும் முதலில் மேக்னசிஸை இயக்கித் தண்ணீரைப் பார்க்கிறான்.